நோன்பாளியின் எக்ஸ்ரே

அன்பு மகனுக்கு,

உம்மாவின் ஸலாம். நலம்தானா என்று கேட்டுத் தொடங்க இது வெளியூருக்குப் போகிற கடிதம் இல்லை. நீ முன் அறையில் இருக்கிறாய். உன்னை வழியனுப்ப வந்த மாமிமாரும் சாச்சிமாரும் உன்னைச் சுற்றி உட்கார்ந்து கட்டாரில் வெயில் எப்படி, சம்பளம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டுக்குள் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதும் உம்மா இந்த மடவளை ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது? நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் "பொறகு பேசுவம் உம்மா" என்கிறாய். பிறகு என்பது செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிடும். அன்று காலை ஆஸ்பத்திரியில் உனக்கு எம்.ஆர்.ஐ. பரிசோதனை, முடிந்ததும் இரண்டு நாள் அங்கேயே தங்க வேண்டும். அன்று பகல் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன். இப்போது வேலைக்குப் போகிற ஆட்களோடு சேர்ந்து போகாவிட்டால் விசா இல்லை என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். இரண்டில் ஒன்றுக்குத்தான் உன்னால் போக முடியும். எதற்குப் போகப் போகிறாய் என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியும், அப்படி ஒரு பரிசோதனை இருப்பது மட்டும் உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை வாப்பா வாசிக்கட்டும், உன் கூடப்பிறந்த ராத்தாவும் வாசிக்கட்டும். இனிமேல் இந்த வீட்டில் மறைத்து வைப்பதற்கு எனக்குத் தெம்பில்லை.

வாப்பாவுக்கும் ராத்தாவுக்கும் அரைகுறையாகத்தான் விஷயம் தெரியும் என்பதால் முதலில் இருந்தே எழுதுகிறேன். நீ முதல் தடவை கட்டார் வேலைக்கு மெடிக்கல் எடுத்தது ஒரு நோன்பு மாதத்தில். எக்ஸ்ரேயில் நெஞ்சின் வலது பக்கம் அடியில் வெள்ளையாக இருந்தது, அன்ஃபிட் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீ சிரித்துக்கொண்டே வந்தாய். "நெஞ்சுக்குள்ள தண்ணியாம் உம்மா, மகாவலி கங்க எனக்குள்ளயும் ஓடுது" என்றாய். மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரம், அஸர் தொழுகை நேரம். நீ நோன்போடு உதடு காய்ந்துபோய் இருந்தாய். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அது இளமஞ்சளாக, தெளிவாக இருந்தது. அதிலிருந்த உயிரணுக்களைப் பார்த்துவிட்டுக் காசநோயாக இருக்க வேண்டும் என்றார்கள். அந்த டொக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். இளம் வயதுப் பையனுக்கு நெஞ்சில் நீர் சேர்ந்தால் இங்கே யாரும் முதலில் அதைத்தான் நினைப்பார்களாம். காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. நோன்பு மாதத்தில் நோன்பு பிடித்திருப்பதை யார் போய்ச் சொல்வார்கள்? மூச்சு விடுவதைச் சொல்வது மாதிரித்தானே அது. ஆனால் நம் வீட்டுக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்தச் சொல்லாத சொல்லிலிருந்துதான் தொடங்கியது.

ஆறு மாதம் அந்தக் குளிசைகளை விழுங்கினாய். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து நீ பயந்ததும், குளிசை ஈரலைத் தாக்கிச் சோற்றைக் கண்டாலே ஓங்காளித்ததும் எனக்குத்தான் தெரியும். ஊருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. கட்டுகஸ்தோட்டைத் தேத்தண்ணிக் கடைகளுக்கு நான் வீட்டில் பொரித்து விற்க அனுப்பிய ரோல்ஸும் பெட்டிஸும் ஒவ்வொரு கடையாகத் திரும்பி வந்தன. ஒரு கடைக்காரர் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னார், "ராத்தா, குறை நினைக்காதீங்க, ஒங்கட வீட்டுச் சாமான் எண்டு தெரிஞ்சா ஆக்கள் திங்கிறாங்க இல்ல." அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை, மற்றவர்கள் சொல்லாமல் விட்டதில்தான் வந்தது. இவ்வளவுக்கும் உனக்குக் காசநோயே இல்லை. இல்லாத நோய்க்கு நீ ஈரலைக் கொடுத்தாய், நான் என் வியாபாரத்தைக் கொடுத்தேன். குளிசை முடிந்தபோது எக்ஸ்ரேயில் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்தது. தழும்பாக இருக்கும் என்றார்கள். நாமும் தழும்பு என்று நினைத்துக்கொண்டு அடுத்த நோன்பு மாதத்துக்குள் போய்விட்டோம்.

அந்தப் பெருநாளை நான் மறக்க மாட்டேன். முப்பது நாள் வயிறு காய்ந்த பிள்ளை என்று நான் உனக்குப் பரிமாறினேன். நெய்ச்சோறு, கோழி, தேங்காய்ப்பால் ஊற்றி அவித்த வட்டிலப்பம் என்று நீ போதும் போதும் என்று சொல்லச் சொல்லத் தட்டில் போட்டேன். மறுநாள் நீ படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டாய். மூச்சு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயதுச் சிங்கள டொக்டர்ப் பெண், தங்கச்சி மாதிரி முகம், ஊசி போட்டு நீர் எடுத்தாள். போத்தலில் இறங்கியது நீர் இல்லை, பால். பசும்பால் கறந்த மாதிரி வெள்ளையாக நிறைந்தது. அவள் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டாள், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று. நீ மூச்சு வாங்கிக்கொண்டே "வட்டிலப்பம் மிஸ்" என்றாய். அவள் சிரிக்கவில்லை. போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே பெரிய டொக்டரைத் தேடி ஓடினாள். அந்த ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் அவளுக்காக துஆச் செய்கிறேன். அவள் கேட்ட ஒரு கேள்வியில்தான் உன் நோயின் வால் நம் கையில் கிடைத்தது.

அதன் பிறகுதான் ஸ்கேன் டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தமிழ் எனக்குப் பாதி புரியும், மீதியை அவர் கையால் காட்டுவார். நாம் சாப்பிடும் கொழுப்பு வயிற்றிலிருந்து நேரே இரத்தத்துக்குப் போவதில்லையாம். அதற்கென்று நிணநீர்க் குழாய் ஒன்று முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறி, கழுத்தடியில் இரத்தத்தோடு சேர்கிறதாம். உனக்கு அந்தக் குழாய் எங்கேயோ கசிகிறது. கொழுப்புச் சாப்பிட்டால் பால் மாதிரிக் கசியும், வெறும் வயிற்றில் இருந்தால் தெளிந்த நீராகக் கசியும். அதனால்தான் நோன்போடு எடுத்த நீர் எல்லோரையும் ஏமாற்றியது. "அப்ப ஸ்கேன்ல ஏன் டொக்டர் தெரியல்ல?" என்று கேட்டேன். நெஞ்சு முழுவதையும் அறுத்து அறுத்துக் காட்டும் சீ.டி. ஸ்கேனும் எடுத்திருந்தோமே. "அது தெரியாது அம்மா. இது நூலிலும் மெல்லிசு. உள்ள ஓடுறதும் தண்ணி மாதிரி. நாங்களாச் சாயம் விட்டு, அது எங்க போகுது எண்டு பின்னாலையே போய்ப் பாக்க வேணும்" என்றார். உன் கவட்டில் இருக்கும் நிணநீர்க் கட்டிகளில் மயிர் மாதிரி ஊசியை ஏற்றி, எண்ணெய்ச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது ஏற ஏறப் படம் எடுத்தார்கள். அவ்வளவு நேரமும் நீ அசையாமல் கிடந்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். கால் பக்கமிருந்து வெள்ளைக் கோடு ஒழுங்காக ஏறி வந்தது. மேல்வயிற்றுக்கு வந்ததும் ஒரு குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இடியப்பத்தைப் பிழிந்து போட்ட மாதிரி ஒரு சிக்கல். அதற்கு மேலே ஒன்றுமில்லை, சாயம் அங்கேயே நின்றுவிட்டது. பிறவியிலேயே குழாய் அப்படி வளர்ந்திருக்கிறது, மிக அரிது, தானே புத்தகத்தில்தான் அதிகம் பார்த்திருப்பதாக அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்தச் சிக்கலுக்கு மேலே என்ன இருக்கிறது, எந்த இடத்தில் கசிகிறது என்று பார்க்கத்தான் செவ்வாய்க்கிழமைப் பரிசோதனை.

இனி நான் எழுதப்போவது என் வெட்கத்தை. இந்தச் சில மாதங்களாக நீ திங்களும் வியாழனும் கடமையில்லாத சுன்னத்து நோன்பு பிடித்தாய். பிறகு மற்ற நாட்களிலும் பிடித்தாய். நோன்பு திறக்கும்போது பள்ளியிலிருந்து வந்த தேங்காய்ப்பால் கஞ்சியைக்கூடத் தொடாமல் ஒரு ஈச்சம்பழமும் தண்ணீரும்தான். என் பிள்ளைக்கு அல்லாஹ் நல்ல வழி காட்டிவிட்டான் என்று நான் பூரித்துப்போனேன். பூரித்ததோடு நிற்கவில்லை, ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். காசநோய்க்காரன் வீடு என்று ஒதுங்கிப் போனவர்களின் வாசலில் நின்று, வேண்டுமென்றே குரலை உயர்த்தி, என் மகன் இன்றைக்கும் நோன்பு என்று சொன்னேன். உன் சட்டைக் கொலர் கழுத்தில் சுற்றிச் சுழல்வதைப் பார்த்தும் முகத்தில் நூர் ஒளி தெரிகிறது என்றேன். கண்ணிருந்தும் குருடியாக இருக்க என்னிடம்தான் பாடம் படிக்க வேண்டும்.

போன கிளினிக்கில் அந்த யாழ்ப்பாணத்து டொக்டர் உன் புது எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுப் பார்த்தார். நெஞ்சின் அடியில் வெள்ளை அநேகமாக இல்லை. "நல்லாக் குறைஞ்சிருக்கு. என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். நீ வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "புள்ள நோன்பு பிடிக்கிறார் டொக்டர். திங்கள் வியாழன் மட்டுமில்ல, மத்த நாளும். எங்கட ஊர்ல இந்த வயசுல ஒத்தரும் அப்படிப் பிடிக்கிறல்ல." அவர் திரையை விட்டுத் திரும்பி உன்னைப் பார்த்தார். உன் கன்னத்தைப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, வெளிநாட்டு மெடிக்கல் ஏதும் எடுத்தனீரோ?" என்றார். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாய். நீ பட்டினி கிடந்தது அந்த மெடிக்கலில் பாஸாகத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் உன்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாப்பிடாட்டிக் கசிவு குறையும். எக்ஸ்ரே வடிவா வரும். ஆனா குழாய் அப்பிடியேதான் இருக்கு அம்மா. கசியிறதோட உடம்பில இருக்கிற சத்தும் போகுது. இப்பிடியே பட்டினி கிடந்தா ஒரு சின்னக் காய்ச்சலைக்கூடத் தாங்காது" என்று என்னிடம்தான் சொன்னார். ஏன் என்னிடம் சொன்னார் தெரியுமா? கேட்கிற ஆள் நான்தான் என்று நினைத்திருப்பார். நீ கதவைத் திறந்து வெளியே போய்விட்டாய்.

பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் இருந்தாய். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டினோம். பிறகு, "ஏன் உம்மா அவர்ட்ட நோன்புக் கதைய செல்லப் போன?" என்றாய். "பெருமையா ஈந்திச்சு மகன், செல்லிட்டன்" என்றேன். "எனக்கி ஏலா உம்மா. ரெண்டு வருஷமா என்னத் தொறந்து தொறந்து பாக்குறாங்க. ஒவ்வொருக்காவும் வேற பேர் செல்றாங்க. மறுவா பாத்து, இதுக்கு மருந்து இல்ல எண்டு சென்னா? அதத் தெரிஞ்சி நான் என்ன செய்ற?" அன்றிலிருந்து அடுப்படியில் நிற்கும்போதும் தொழும்போதும் அதே கேள்விதான் எனக்குள் ஓடுகிறது.

டொக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன், அதை உனக்குச் சொல்லவில்லை. பார்த்தால் அடைக்க முடியுமா என்று கேட்டேன். முடியலாம், முடியாமலும் போகலாம் என்றார். கசியும் இடம் ஒன்றாக இருந்தால் உள்ளிருந்தே அடைத்துப் பார்க்கலாம், பல இடமாக இருந்தால் மருந்தும் பத்தியமும்தான், வாழ்நாள் முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும் என்றார். எந்த வாக்குறுதியும் தரவில்லை. அதனால் நானும் உனக்குப் பொய்யாக ஒரு வாக்குறுதி தர மாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். இந்த இரண்டு வருடத்தில் உன் உடம்பை அதிகம் வாட்டியது எது? பார்த்ததா, பார்க்காமல் ஊகித்ததா? குளிசை தந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு அந்தக் குழாய் தெரியவில்லை, அவ்வளவுதான். கட்டாரில் ஒரு அறையில் பத்துப் பேரோடு நீ படுத்திருப்பாய். அங்கே பசிக்கும், எல்லோரோடும் உட்கார்ந்து ஆட்டிறைச்சியும் சோறும் சாப்பிடுவாய். ஒரு நாள் மூச்சு முட்டும். அங்குள்ள டொக்டரும் எக்ஸ்ரே எடுப்பார், ஊசி போடுவார், அவரும் ஊகிப்பார். திரும்பவும் அதே நோயின் பெயரைச் சொல்லித் தனியாக ஒரு அறையில் போட்டுவிட்டு அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். வட்டிலப்பம் என்று சொன்னால் விளங்கிக்கொள்ளும் பெண் அங்கே இருக்க மாட்டாள். ஏற்றி அனுப்ப நீ உயிரோடு இருப்பாயா என்பதுதான் என் பயம். எழுதிவிட்டேன். அழிக்க மாட்டேன்.

நீ எனக்காகத்தான் போகிறாய் என்பதும் தெரியும். உன்னால்தான் என் வியாபாரம் படுத்துவிட்டது, அதை நீதான் ஈடுகட்ட வேண்டும் என்று ராத்தாவிடம் சொல்லியிருக்கிறாய். மகனே, ரோல்ஸ் போனால் போகட்டும். எண்ணெயில் பொரித்து விற்றே உன்னை வளர்த்தவள் நான், இன்றைக்கு உனக்காகக் கொழுப்பில்லாத கறி ஆக்கப் பழகிக்கொண்டேன். தேங்காய்ப்பால் இல்லாத சொதியைக் குடித்துவிட்டு வாப்பா முகத்தைச் சுளித்தபோது, சுகாதாரம் என்று சமாளித்தேன். இந்த வயதில் சமையலையே மாற்றிக்கொண்ட எனக்கு வேறொரு தொழில் பழகத் தெரியாதா? என்னைக் காப்பாற்றப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு நீ கிளம்பாதே. அந்தப் பாரத்தை என் தலையில் வைத்துவிட்டுப் போனால், உனக்கு ஏதாவது நடந்த பிறகு நான் எப்படி அதைச் சுமப்பேன்?

நீ வெளியே போன பிறகு டொக்டர் சொன்ன ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு வரக் கூடாதாம். "காலமை நல்ல கொழுப்பாச் சாப்பிட்டிட்டு வரச் சொல்லுங்கோ. அப்பதான் குழாய் நிறையும், எனக்குப் படத்தில தெரியும். பட்டினியா வந்தா ஒட்டிப்போய்க் கிடக்கும். அண்டைக்கு மட்டும் அவருக்குப் பத்தியம் இல்லை" என்றார். அவர் சொன்ன நேரத்துக்கு, சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும், சூடான பாணில் பட்டரைத் தாராளமாகப் பூசி, ஆடையோடு பாலும் உன் முன்னால் வைப்பேன். முன் அறையில் இருக்கும் எல்லோருக்கும் அதற்குள் விஷயம் தெரிந்திருக்கும். யார் என்ன சொன்னாலும் நான் வாய் திறக்க மாட்டேன். பாஸ்போர்ட்டை ஒளிக்க மாட்டேன், மயங்கி விழ மாட்டேன், சத்தியம் வாங்க மாட்டேன். உனக்கு மூளை இருக்கிறது, உடம்பும் உன்னுடையது. நீ சாப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவோம். சாப்பிடாவிட்டால் தட்டை எடுத்துவிட்டு உன் பெட்டியைக் கட்டித் தருவேன், வேனில் உன் பக்கத்தில் இருந்து கட்டுநாயக்கா வரைக்கும் வருவேன்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். தட்டைப் பார்த்துவிட்டு, நோன்பு என்று சொல்லாதே. செவ்வாய்க்கிழமையில் சுன்னத்து நோன்பு இல்லை என்பது உன் உம்மாவுக்கும் தெரியும். நோயாளிக்கு அல்லாஹ் நோன்பை விட்டுக்கொடுத்திருக்கிறான், நீ அவனையே திரையாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்காதே. சொல்வதென்றால் உண்மையைச் சொல். "பயமா ஈக்கிது உம்மா" என்று சொல். சின்ன வயதில் ஊசியைக் கண்டால் என் முந்தானைக்குள் புகுந்துகொண்டு சொல்வாயே, அப்படிச் சொல். இந்த இரண்டு வருடத்தில் அதை ஒரு தடவைகூட நீ சொல்லவில்லை, எனக்கும் பயம் என்று நானும் சொல்லவில்லை. எனக்கு மிகவும் பயம்தான் மகனே. இரண்டு பேரும் பயந்துகொண்டே பஸ் ஏறுவோம்.

உன் உம்மா